ஏழு போத்தலுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

பினாங்கின் பிறையில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு சமயம் ஏழு போத்தல்கள் வரிசையாக நின்றன. மீன் எண்ணெய், பி காம்ப்ளெக்ஸ், கிங்கோ, கொலாஜன், குளோரோபில், அமுக்கரா (அஸ்வகந்தா), அப்புறம் ‘மூளை மாத்திரை’ என்று மட்டும் நான் நினைவு வைத்திருக்கும் ஒன்று. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எனக்குச் சுழற்சி வேலை. இரவு வேலை முடிந்து பாலம் தாண்டி வீடு வந்தால், இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். ஒரே படிவத்தை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. நேரடி விற்பனையில் இருந்த உறவுக்கார அக்கா ஒருவர், “மூளைக்குச் சத்து போதலடி, அதான்” என்றார். நம்பினேன். 700 வெள்ளிக்கு மேல் போனது.

இரண்டு மாதம் கழித்தும் அதே படிக்கட்டு, அதே மூச்சு. கடைசியில் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. உடம்பில் இரும்புச் சத்தின் கையிருப்பு ஏறக்குறைய காலி. வீட்டுக்கு வந்து ஏழு போத்தலையும் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். ஒன்றில்கூட இரும்பு இல்லை.

மனசு தெளிய, உடம்பு தெம்பாக இருக்க ஏதாவது சத்து மாத்திரை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டரோ மருந்தாளரோ இல்லை. பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான்.

எந்தச் சோர்வு?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை கோப்பை காப்பி, எப்போது தலை மந்தமாகிறது, எப்போது மூச்சு வாங்குகிறது, இவற்றை மட்டும் எழுதினால் போதும். தூக்கம் வருவது வேறு, உடம்பில் வலு இல்லாதது வேறு, எதிலும் மனம் ஒட்டாதது வேறு. மூன்றையும் நாம் ‘டயர்டு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

சுழற்சி வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தூக்கமே முதல் குறை. காப்பியில் உள்ள கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்கு மாமாக் கடையில் ஒரு கெட்டி நெஸ்காப்பி குடித்துவிட்டு, 8 மணிக்கு வீட்டில் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபைன்தான் உச்சம் என்பது பொதுவான அளவு. ‘எனர்ஜி’ பானமும் சேர்ந்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். குறட்டை பலமாக இருந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதற்கு எந்த மாத்திரையும் ஈடு ஆகாது.

சர்க்கரையையும் மறக்க வேண்டாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது அதிகம். ‘களைப்பு’ என்று போய் ‘சர்க்கரை’ என்று திரும்பி வந்தவர்கள் என் தெருவிலேயே மூன்று பேர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எந்நேரமும் மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்ததெல்லாம் சலித்துவிட்டது, தூக்கமும் பசியும் தாறுமாறாகிவிட்டன என்றால், சத்து மாத்திரை அலமாரி உங்களுக்கான இடம் இல்லை. கிளினிக்குக்குப் போங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவைக்கு 15555, கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் அமைப்புக்கு 03-7627 2929. 2023 தேசிய சுகாதார ஆய்வில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது தெரிய வந்தது. நம் வீடுகளில் இதைச் ‘சோம்பேறித்தனம்’ என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்துகிறோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

ரத்தம் கொடுக்கிற நாள்

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. காலையில் சீக்கிரம் போய் எண் எடுத்தால் பகலுக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கட்டணம் கூடுதல். உங்கள் கம்பெனிக்குப் பேனல் கிளினிக் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். 40 வயதைத் தாண்டி அரசாங்க உதவித் தொகை பெறுபவர்களுக்கும் அவர்களுடைய கணவன் மனைவிக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

“எனக்கு எல்லா டெஸ்டும் எடுங்க” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் எரிச்சல் வரும். நோட்டைக் காட்டி, எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். களைப்புக்குப் பொதுவாகப் பார்ப்பவை முழு ரத்த எண்ணிக்கை, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை. சைவம் சாப்பிடுபவராக இருந்தாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ பி12-ஐயும் கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் எல்லாம் எடுக்க முடியாது. சிலவற்றைத் தனியார் ஆய்வகத்தில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் அதிக அளவில் இருக்கும். அது தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற டிரோபோனின் பரிசோதனை முடிவையும்கூடத் தவறாகக் காட்டக்கூடும். நீங்கள் எடுப்பது எதுவானாலும் ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரும்பு

2019 தேசிய சுகாதார ஆய்வில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாதவிலக்கு அதிகம் போகிறவர்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்கள், சோற்றோடு தேநீர் குடிப்பவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். நான் மூன்றாம் வகை. தேநீரிலும் காப்பியிலும் உள்ள டானின் போன்ற பொருள்கள் உணவில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ரொட்டி சானாயோடு ஒரு தே தாரிக், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு தே ஓ ஐஸ், இப்படிப் பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இரும்பு மாத்திரையைச் சோதனை இல்லாமல் நீங்களாகவே வாங்காதீர்கள். இங்கே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் ரத்த எண்ணிக்கை குறைந்து காணப்படும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. இருக்கிற இரும்போடு இன்னும் இரும்பைச் சேர்த்தால் அது ஈரலிலும் இதயத்திலும் தேங்கும். ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையால் அதை மூடி மறைத்துவிடக் கூடாது.

எனக்குக் கொடுத்தது ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு மாத்திரை. வெறும் வயிற்றில் நன்றாக ஏறும், ஆனால் குமட்டும். எனக்குக் குமட்டியதால் கொஞ்சம் உணவுக்குப் பிறகு, ஒரு கொய்யாத் துண்டோடு எடுத்தேன். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். தேநீரையும் பாலையும் ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் வேலை. மலச்சிக்கல் தாங்கவில்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதல் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கைக்குழந்தைக்கு அது விஷம்.

மூன்று வாரத்தில் படிக்கட்டு சுலபமானது. தலை தெளிய இரண்டு மாதம் பிடித்தது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். நிறையப் பேர் பாதியில் விட்டுவிட்டு ஆறு மாதத்தில் பழையபடி வந்து நிற்கிறார்கள்.

அம்மாவும் பி12-உம்

அம்மா 12 வருடமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார். பாதம் மரத்துப்போகிறது என்றார், சர்க்கரையால்தான் என்று விட்டுவிட்டோம். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மறந்தார், வயசாகிவிட்டது என்றோம். என் கதைக்குப் பிறகுதான் அவருக்கும் சோதித்தோம். பி12 மிகவும் குறைந்திருந்தது.

நீண்ட காலம் மெட்ஃபோர்மின் எடுத்தால் பி12 குறையக்கூடும். 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வெளிப்படையாகவே எச்சரித்தது. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் ஓமெப்ரசோல் எடுத்தாலும் இதே கதைதான். இயற்கையில் பி12 கிடைப்பது மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான். புரட்டாசி ஒரு மாதச் சைவத்தாலோ தைப்பூச விரதத்தாலோ யாருக்கும் பி12 தீர்ந்துவிடாது. ஈரல் வருடக்கணக்குக்குச் சேமித்து வைத்திருக்கும். பால்கூடத் தொடாமல் பல வருடம் சைவமாக இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள்.

நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அவ்வளவு பெரிய அளவில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான் உள்ளே போகும். அம்மாவுக்கு மரமரப்பு இருந்ததால் முதலில் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. கால் முழுதாகச் சரியாகவில்லை. குழம்பு அடிபிடிப்பது நின்றுவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘நரம்பு மாத்திரை’ என்று விற்கிற சிலவற்றில் பி12-ஓடு பி6-உம் 100, 200 மில்லிகிராம் என்று இருக்கும். பி6 அதிக அளவில் மாதக்கணக்காகப் போனால் அதுவே கை கால் மரத்துப்போகச் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் இதன் தினசரி உச்சத்தை 12 மில்லிகிராம் என்று இறக்கிவிட்டது. மரமரப்புக்கு எடுக்கும் மாத்திரையால் மரமரப்பு கூடி, அதற்காக இன்னும் இரண்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் ஒரு காலத்துக்கு எழுதிக் கொடுத்தால் சரி. நீங்களாக வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

மற்றவை

வைட்டமின் டி: வெயில் கொளுத்துகிற ஊரில் இது எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். விடியும் முன் பஸ் ஏறி, குளிரூட்டிய கட்டடத்தில் 12 மணி நேரம் இருந்து, இருட்டியபின் திரும்பினால் குறையும். நாளுக்கு 600 ஐ.யூ. (சர்வதேச அலகு) போதும். டாக்டர் சொல்லாமல் 4,000 ஐ.யூ.வைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஆனால் ‘மனச்சோர்வு வராமல் தடுக்கும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,000-க்கு மேற்பட்டவர்களுக்கு 5 ஆண்டுகள் தினமும் 2,000 ஐ.யூ. கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவு: தடுக்கவில்லை. குறை இருந்தால் நிரப்பலாம், அவ்வளவுதான்.

மீன் எண்ணெயில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்குக் கூடுதல் துணையாக ஒமேகா-3, அதிலும் இ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலம் அதிகமுள்ளது, ஓரளவு உதவியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் கொடுத்தது இ.பி.ஏ. மட்டுமே 1 கிராம், அதற்கு மேலும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 1,000 மில்லிகிராம் மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள். இ.பி.ஏ. 180, இன்னொரு ஒமேகா-3 வகையான டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். மீதி வெறும் எண்ணெய். அந்த அளவை எட்ட நாளுக்கு ஐந்தாறு மாத்திரை விழுங்க வேண்டும். என்னைக் கேட்டால், பாசாரில் கெம்போங் மீன் வாங்கி வாரம் இரண்டு நாள் குழம்பு வைப்பது மேல். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் மீன் எண்ணெயைத் தொட வேண்டாம்.

மெக்னீசியம் தூக்கத்துக்கு என்று பரவலாக விற்கிறது. ஆதாரம் மெலிது. அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

மூலிகைக்கு வருவோம். அமுக்கரா பாட்டி காலத்துப் பொருள் என்பதால் கெடுதல் செய்யாது என்று நினைத்தேன். மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவுவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதே சமயம் ஈரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. தைராய்டு அளவையும் மாற்றும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்துவிட்டது. கிங்கோவை 3,000-க்கு மேற்பட்ட முதியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்ததில் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் தெரிந்துவிட்டது. வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக, அதாவது பச்சையாகச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். நானும் தேங்காய்ப்பூ போட்டுத் துவையல் அரைப்பேன். ருசிக்காக.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மட்டும் தனி எச்சரிக்கை. லேசான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மூலிகை அது. வேலை செய்வதால்தான் ஆபத்தும். மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனம் எக்கச்சக்கமாக ஏறி உயிருக்கே கெடுதி. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று நோயாளிகளின் மருந்து ஆகியவற்றின் வேலையையும் கெடுக்கும். இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கடையில்

பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எட்டு இலக்கம், அதன் பின் ஓர் எழுத்து. என் (N) என்றால் சத்து மாத்திரை வகை, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, எக்ஸ் (X) என்றால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து, ஏ (A) என்றால் கட்டுப்பாட்டிலுள்ள மருந்து. பின்னால் இன்னும் ஓரிரு எழுத்து வரலாம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.யின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். போலிக்காரர்கள் வேறு பொருளின் எண்ணை அச்சடித்திருப்பார்கள். அதனால் எண் இருந்தால் போதாது, பெயரும் பொருந்த வேண்டும். பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவு எண் இருப்பதால் அந்த மாத்திரை உங்கள் மூளையைத் தீட்டிவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. உள்ளே கலப்படம் இல்லை, எழுதியபடி இருக்கிறது என்ற அளவுக்குத்தான் அது. அந்த அளவும் முக்கியம். ‘ஆண்களுக்குத் தெம்பு’ என்று விற்கிற தொங்காட் அலி காப்பிப் பொட்டலங்களில் வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில் வகை மருந்தை ரகசியமாகக் கலந்து பிடிபட்ட கதை இந்த நாட்டில் பழசு. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் பையில் கொண்டுவரும் பஸ்பம், செந்தூரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பாசத்தோடு கொடுத்தாலும் ஈயம் ஈயம்தான்.

மனநோயைக் குணமாக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் சொல்லி ஒருவர் விற்றால், அங்கேயே கிளம்பிவிடலாம்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். ஹலால் முத்திரை உள்ள மாத்திரை உறை பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின். மாடு சாப்பிடாதவர்கள், சைவர்கள் லேபிளில் உறை எதனால் ஆனது என்று படியுங்கள். விலங்கிலிருந்து வந்ததானால் குறிப்பிட்டிருக்க வேண்டும். மீன் ஜெலட்டினும் தாவர உறையும் கிடைக்கின்றன. பார்மசியில் உள்ள மருந்தாளரைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்பதற்குக் காசில்லை. உங்கள் மற்ற மருந்துகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோனால் எது எதோடு சேராது என்பதையும் அவரே பார்த்துவிடுவார்.

வீட்டில்

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொடங்குங்கள். நான்கைச் சேர்த்துத் தொடங்கினால், நன்றாக இருந்தாலும் எதனால் என்று தெரியாது, அரித்தாலும் எதனால் என்று தெரியாது. தொடங்கிய தேதியைப் போத்தலிலேயே எழுதுங்கள். பழைய நோட்டைத் தொடருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பாருங்கள், நோட்டில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் நிறுத்துங்கள். ‘இன்னும் மூணு மாசம் சாப்பிட்டாதான் உள்ளே இறங்கும்’ என்பது விற்பவரின் கணக்கு. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, உடம்பெங்கும் தடிப்பு, படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, போத்தலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மனநல மருந்தை எக்காரணம் கொண்டும் சத்து மாத்திரைக்காக நிறுத்தாதீர்கள்.

என்னுடைய ஏழு போத்தல்களும் காலாவதியாகும் வரை அலமாரியில் கிடந்தன. 700 வெள்ளியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் கண் அங்கேதான் போகும். கழிப்பறையில் கொட்டக் கூடாது என்று மருந்தாளர் சொன்னார். அரசாங்க கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் பழைய மருந்துகளை வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இது எல்லாமே ஒரே ஆளுக்கா?” என்று கேட்டார்.